பாம்புக்காதுக்காரரும் ஒரு சின்ன பிளேயரும்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகப் பிறந்தது. ஒளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் புதிதாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கினார். உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம், ஓரத்தில் திருகுவதற்குப் பித்தளையில் ஒரு சின்னச் சக்கரம். அதில் யாரிடமும் பேச முடியாது, படம் எடுக்க முடியாது, செய்தி அனுப்ப முடியாது. பாட்டு மட்டும் பாடும். ஆனால் விலை போனைவிட அதிகம். (எவ்வளவு என்று எழுதமாட்டேன். இதை அக்காவும் படிக்கிறாள்.) வாங்கி வந்த அன்றே அதை என் கையில் வைத்துவிட்டு, நான் கீழே போட்டுவிடுவேனோ என்று தன் கையையும் அடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“எழுத்தாளரே, இதப் பத்தி எல்லாரும் மதிப்புரை எழுதுறாங்க. நீ ஒரு கதையா எழுதேன். படிக்கிறவங்க மறுநாளே கடைக்கு ஓடணும்.”

சரி என்றேன். அன்று எழுதிய முதல் தொடக்கம் இது:

‘மழை விட்ட மாலையில் அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். உலகம் அணைந்தது. அப்போது இசை’

அப்போது இசை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டைத் தவிர நான் எதையும் தேடிக் கேட்டவள் இல்லை. தவிர, அணைவதற்கு உலகம் என்ன குண்டு பல்பா? நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம் மாமா சொல்லச் சொல்ல எழுதியது:

‘வினாடிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் முறை அளக்கப்பட்ட அந்தக் குரலில்’

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பாட்டை டிஜிட்டலில் பதிகிறபோது அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். நாம் பழகிய சி.டி.யில் நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம். மாமாவின் பிளேயர் பாடும் ஹை-ரெஸ் ஃபைல்களில் அதற்கு நாலு மடங்குக்கும் மேல். அத்தனை நுணுக்கமாக அளந்தால் பாடகி மூச்சு இழுப்பதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும் என்பது மாமாவின் கட்சி. மனிதக் காதுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் அளப்பது வௌவாலுக்காகத்தான் என்பது அக்காவின் கட்சி. இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்று இருவருமே கவனமாக இருந்தார்கள்.

அந்த இரண்டாவது தொடக்கத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டாள். ‘அவர் காதுக்குத் தப்பியது எதுவும் இல்லை’ என்ற வரி வந்ததும் சிரிப்பு நின்றது.

“அந்த வரிய எடுத்துடு.”

“ஏன்க்கா, நல்லாத்தானே இருக்கு?”

“எடுத்துடுன்னா எடுத்துடுடி.”

ஏன் என்பதை அவள் சொல்லி முடித்தபோது விளம்பரம் செத்துப்போயிருந்தது. மிச்சம் இருப்பது இந்தக் கதை.

2

இனி ஆட்களை ஒழுங்காக அறிமுகம் செய்ய வேண்டும்.

மாமா ஜெனரேட்டர் மெக்கானிக். கரண்ட் போனால் பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் உறுமுமே, லாரி அளவுக்கு ஒரு எந்திரம், அதன் பக்கத்தில்தான் அவருக்கு வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக. பகலெல்லாம் அந்த உறுமலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால் முகமே மாறிவிடும். குழந்தைக்குப் பால் புகட்டுகிறவர்களிடம் மட்டுமே அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். (இந்த உவமையை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய முன்னறையில் ஒரு சின்னக் கூட்டம் கூடும். ஒரு பல் டாக்டர், ஒரு தையல் மாஸ்டர், கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா ஒருவர். மூவரும் ஆளுக்கொரு பிளேயரோடு வருவார்கள். ஒருவர் கேட்டதை இன்னொருவருக்கு மாட்டிவிடுவார்கள். கண்ணை மூடுவார்கள். “ஆஹா” என்பார்கள். பேசுவதற்காகக் கூடி யாருமே பேசாத கூட்டம் அது ஒன்றுதான்.

மாமாவுக்கு அங்கே பாம்புக்காது என்று பட்டப்பெயர். யார் புதிதாக எது வாங்குவதென்றாலும் அவரிடம் கேட்டுத்தான். “இதுல மேல் பக்கம் கொஞ்சம் மூடின மாதிரி இருக்கு, அதையே எடுத்துக்குங்க” என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. (மேல் பக்கம் என்பது அவர்கள் பாஷையில் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்.) டீச்சரம்மா ஒரு முறை, கடையில் எடுத்த ஹெட்ஃபோனை இவர் முகம் சுளித்தார் என்பதற்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

* மாமாவின் குறிப்பு: நான் முகம் சுளிக்கவில்லை. தும்மல் வந்தது.

3

அக்காவின் வேலை காது பரிசோதிப்பது.

இதை நான் வேண்டுமென்றே பின்னால் வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. வீட்டில் யாரும் அதை யோசித்ததே இல்லை. வௌவால் வழக்கில் வாதாடும்போதுகூட அவள் மனைவியாகத்தான் பேசினாளே தவிர அந்த வேலை செய்கிறவளாகப் பேசவில்லை. ‘உங்க காத ஒரு நாள் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்’ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

பிளேயர் வாங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், மாமாவின் கம்பெனி எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்தது. காதுக்கு அனுப்பிய இடம் அக்கா வேலை செய்யும் கிளினிக். கூட வேலை பார்ப்பவளிடம் தள்ளிவிடலாம் என்றால் அவள் அன்று லீவு. அதனால் அக்காவே எடுத்தாள்.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல இருக்கும். கனமான கதவு, இரட்டைக் கண்ணாடியில் ஒரு சின்ன ஜன்னல், உள்ளே ஒரே ஒரு நாற்காலி. உள்ளே இருப்பவர் காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். பீப் என்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அமுக்கினால் வெளியே இருக்கும் அக்காவின் மேசையில் ஒரு சின்ன விளக்கு எரியும். அவ்வளவுதான்.

கனத்த சத்தங்களுக்கு விளக்கு பட்பட்டென்று எரிந்தது. பேச்சுக் குரல் அளவுக்கு வந்தாள், அதற்கும் எரிந்தது. மெல்லிய, கீச்சென்ற சத்தங்களுக்குப் போனபோது எரியவில்லை. கொஞ்சம் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அதற்கும் மேலே கூட்டினாள்.

“அவர் உள்ள எப்படி உக்காந்திருந்தார் தெரியுமா?” என்றாள் அக்கா. “கண்ண மூடிக்கிட்டு, சிரிச்ச மொகமா, அடுத்த சத்தம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கார். சத்தம் அவர் காதுலயே ஓடிக்கிட்டு இருக்கு. நான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

வெளியே வந்து, “பாஸா?” என்று கேட்டிருக்கிறார்.

“பாஸ்” என்றாள் அக்கா.

பொய் இல்லை. பேச்சு கேட்கிறதா என்பதுதான் கம்பெனிக்கு வேண்டியது, அது நன்றாகவே கேட்டது. கூடவே, “மெஷின் பக்கத்துல காதுக்கு மூடி போடாம இனிமே நிக்கக் கூடாது” என்றும் சொல்லியிருக்கிறாள். போடுகிறேன் போடுகிறேன் என்றிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த மூடியை அவர் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி வைப்பது அவள் வேலையானது.

“முழுசா சொல்லியிருக்கலாமேக்கா.”

“எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். அதுக்குன்னே ஒரு கொரல் வச்சிருக்கேன்டி. மெதுவா, தெளிவா, அவங்க கண்ணப் பாத்து. அந்தக் கொரல்ல இவர்கிட்ட எப்படிப் பேசுறது? பாட்டு ஒண்ணுதான் அவருக்கு இருக்கு.”

* அக்காவின் குறிப்பு: ‘பாட்டு ஒண்ணுதான்’ என்று நான் சொல்லவில்லை. நானும் இருக்கிறேன்.

4

இங்கே கதை எழுதுகிறவளாக எனக்கு ஒரு தடுமாற்றம். வாசகர்களில் பாதிப் பேர் இந்நேரம் அக்காமீது கோபமாக இருப்பார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது என்ன அன்பு என்று. அதனால் அவள் அன்றே சொல்லிவிடுவதுபோல எழுதிப் பார்த்தேன்.

‘அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்தாள். “இங்க பாருங்க, உங்களுக்குக் காது’

‘“உக்காருங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க காது’

‘“நீங்க கேக்குற பாட்டுல மேல் பாதி உங்களுக்கு’

எந்த வாக்கியமும் போய்ச் சேரவில்லை. அவளுக்கு வராதது எனக்கும் வரவில்லை. உங்களால் முடிந்தால் முடித்துப் பாருங்கள். முடித்தபின் அந்தச் சிரித்த முகத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அவள் அப்படியே விட்டிருப்பாள். பிளேயர் விற்ற கடைக்காரர் விடவில்லை. அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு போட்டி. ஒரே பாட்டு, ஒரு தடவை ஹை-ரெஸ் ஃபைல், ஒரு தடவை சாதாரண எம்.பி.த்ரீ. எது எது என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் வருவார்கள், வியாபாரமும் நடக்கும். மாமாதான் முக்கிய விருந்தாளி. மாமா அன்று போடப்போகும் சட்டையை ஒரு வாரம் முன்னாலேயே இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டார்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். “எப்படியாவது நிறுத்துடி. அத்தன பேர் முன்னாடி வேணாம்.”

நான் எழுத்தாளர் என்பதால் எனக்கு நன்றாகப் பொய் வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை.

“மாமா, ஞாயித்துக்கிழமை என்ன ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“எங்க?”

“பல் டாக்டர்கிட்ட. ரொம்ப வலிக்குது.”

“அட, அவரும் அங்கதான வர்றார். அங்கேயே வாயத் தொறந்து காட்டிடு.”

என் எழுத்துத் திறமையின் அளவு இவ்வளவுதான்.

5

கடையின் பின்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் இருந்த பிளேயரும் கம்பிகளும் தெரியாதபடி ஒரு துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். துணிக்குப் பின்னால் கடைக்காரரின் மனைவி உட்கார்ந்து ஃபைலை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரே பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஹெட்ஃபோன். வேடிக்கை பார்க்கப் போன எனக்கும் அக்காவுக்கும்கூட மாட்டிவிட்டார்கள்.

சோதனைப் பாட்டு மாமா பல வருஷங்களாகக் கேட்டு வருவது. ஒரு பெண் குரல், அடியில் தந்தி வாத்தியம் ஒன்று, வேறு எதுவும் இல்லை. கடைசி வரியில் மட்டும் மெல்லியதாக ஒரு மணி, டிங் என்று. அந்த மணி வரும் இடத்தில் மாமா விரலைத் தூக்குவார். எப்போதும் தூக்குவார். வேறு யாராவது ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாலும் எதிரே உட்கார்ந்து நேரம் பார்த்து விரலைத் தூக்கி, “கேட்டுச்சா?” என்று கண்ணால் கேட்பார்.

போட்டி தொடங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மோதிரம் என் விரலில் அழுந்தியது. மாமா சில தடவை சரியாகச் சொன்னார், சில தடவை தப்பாகச் சொன்னார்.

நான் எழுத நினைத்திருந்தது வேறு. அவர் ஒவ்வொன்றாகத் தோற்பதுபோல, மற்றவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வதுபோல. அப்படி நடக்கவில்லை. பல் டாக்டரும் பாதிதான் சரி. தையல் மாஸ்டரும் பாதிதான். டீச்சரம்மா அவர்களைவிட ஒன்று அதிகம். எல்லோரும் பிடித்து உட்காரவைத்த கடைக்காரர் எல்லாரையும்விட மோசம். தான் விற்கும் பொருளைத் தானே எம்.பி.த்ரீ என்று அடித்துச் சொன்னார். அவர் மனைவி துணிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அறையே சிரித்தது. மாமாவும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். காது போனவர், காது நல்லா இருப்பவர் எல்லோரும் ஒரே படகில். அக்காவின் பிடி தளர்ந்தது. தப்பித்தோம் என்று நான் நினைத்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகக் கடைக்காரர் சொன்னார்: “இந்தப் பாட்ட மூல நாடாவுலேர்ந்து புதுசா எடுத்து விட்டிருக்காங்க. பழசுல கடைசியில சத்தத்தக் கொறச்சுக் கொறச்சு முன்னாடியே முடிச்சிருப்பாங்க. இதுல முழுசா இருக்கு. கேளுங்க.”

எல்லோரும் மாட்டிக்கொண்டோம். கடைசி வரி வந்தது. மாமா விரலைத் தூக்கினார். டிங். குரல் அடங்கியது. பழைய ஃபைல் முடிகிற இடம் கடந்தது.

டீச்சரம்மா கண்ணைத் திறந்தார். “ஐயோ, ரெண்டாவது மணி ஒண்ணு வருதே! இத்தன நாளா இது தெரியாமப் போச்சே!”

“ரெண்டாவதா?” என்றார் மாமா.

“ஆமா, அவங்க கொரல் அடங்கினப்புறம். மொதல் மணி மாதிரியேதான்.”

“மறுபடி போடுங்க.”

போட்டார்கள். முதல் மணிக்கு மாமாவின் விரல் சரியாக உயர்ந்தது. பிறகு குரல் அடங்கியது. டீச்சரம்மா, டாக்டர், தையல் மாஸ்டர், எல்லோர் விரல்களும் ஒன்றாக உயர்ந்தன. இசை தெரியாத எனக்கே கேட்டது. மாமா எங்கள் விரல்களைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ.”

மூன்றாவது தடவை எங்களைப் பார்த்து, ஒரு நொடி பிந்தித் தூக்கினார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதையும் பார்த்துவிட்டார்.

6

திரும்பும்போது மாமாவின் கம்பெனி வேனில் வந்தோம். நான் பின்னால், டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில். முன்னால் அவர்கள் இருவரும். பாதி வழியில் மாமா கேட்டார்.

“ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“டெஸ்டுக்கு வந்தீங்களே, அன்னிலேர்ந்து.”

“பாஸ்னு சொன்ன.”

“வேலைக்குப் பாஸான்னு கேட்டீங்க. பாஸ்தான்.”

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் அவர் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அது அவருக்கு நன்றாகக் கேட்டது, எடுத்தார்.

“மொதல் மணி எனக்குக் கேட்டுச்சே. அது எப்படி?”

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “அது எங்க வரும்னு உங்களுக்குத் தெரியும்.”

“அப்ப?”

“மனசு போட்டு நெரப்பிக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான்.”

“அப்ப இத்தன நாளா அந்த மணிய நான்தான் அடிச்சுக்கிட்டு இருந்தேனா?”

மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். கதவை ஓங்கிச் சாத்துவார் என்று நினைத்தேன். மெதுவாக, சத்தமே வராமல் சாத்திவிட்டு உள்ளே போனார்.

“ஓங்கி அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள் அக்கா.

7

இந்தப் பகுதியில் எழுத ஒன்றும் இல்லை. வீட்டில் பாட்டே இல்லை. பிளேயர் மேசை இழுப்பறைக்குள், உபரி ஸ்க்ரூ, பழைய சாவி, தீர்ந்த பேட்டரிகளோடு போய்ச் சேர்ந்தது. மாமா பேசினார், சாப்பிட்டார், வேலைக்குப் போனார். காது மூடியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். அது அக்காவுக்குத்தான் வலித்தது. அவளுக்கு இருந்த ஒரு வேலையும் போயிற்று.

(இந்த இடத்தில் சோகத்தைக் கூட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சாளரத்தில் மழை, காலி நாற்காலி என்றெல்லாம். அக்கா படித்துவிட்டு, “நம்ம வீட்டுல ஏதுடி சாளரம்?” என்றாள்.)

அவர் செய்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். “எனக்கு மேல் பக்கம் காது போயிருக்கு. எப்பலேர்ந்துன்னு தெரியல. நான் சொன்னத நம்பி எதாவது வாங்கியிருந்தா மன்னிச்சுடுங்க. இந்த ஞாயிறு வேண்டாம்.” மூன்று பேரிடமும் அதே வார்த்தைகள். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டு கேட்டேன்.

டாக்டர் ஏதோ ஆறுதல் சொன்னார். டீச்சரம்மா, தான் அன்று வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று அழுதுவிட்டார். இவர்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

தையல் மாஸ்டர் பேசியது ஸ்பீக்கரில் வந்தது. அவர் குரல் பெரிசு, போடாவிட்டாலும் வந்திருக்கும்.

“அண்ணே, நீங்க சொல்லித்தான் வாங்கினேன். ஒங்களுக்குக் கேக்குதா இல்லியா எனக்குத் தெரியாது. எனக்கு நல்லாக் கேக்குது. மெஷின் ஓட்டுற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதத்தான் கேக்குறேன். அது கெடக்கட்டும், ஞாயித்துக்கிழம நான் எங்க போறது? அதச் சொல்லுங்க.”

மாமா முன்னறையில் கிடந்த நாற்காலிகளை ஒரு முறை பார்த்தார்.

“வாங்க” என்றார்.

8

அக்கா ஒரு நாள் இழுப்பறையைத் திறந்து பிளேயரை எடுத்தாள். அதில் ஈக்வலைசர் என்று ஒரு வசதி உண்டு. பாட்டின் கனத்த சத்தம், நடுச் சத்தம், மெல்லிய சத்தம் இவற்றைத் தனித்தனியாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். மாமா அதைத் தொட்டதே கிடையாது. சமைத்தவர் உப்புப் பார்த்து வைத்ததில் மேலே உப்புப் போடுவது அவமரியாதை என்று கூட்டத்தில் பிரசங்கமே செய்திருக்கிறார்.

இனி வருவது கிளினிக்கில் ஒரு விடுமுறை நாளில் நடந்தது. நான் அங்கே இல்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டேன், என்னை அடிக்கக்கூடியவள் அவள்தான்.

இந்த முறை அவள் வெளியே உட்காரவில்லை. ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெட்டி அறைக்குள்ளேயே போனாள். இரண்டு பேருக்கான இடமில்லை அது. முட்டி முட்டியில் இடித்தது.

“பாட்ட மாத்தக் கூடாது” என்றார் மாமா. “அவங்க குடுத்தது குடுத்தபடி கேக்கணும்.”

“குடுத்தபடி உங்களுக்கு வந்து சேரலையே. அவங்க மணி அடிச்சிருக்காங்க. வழியில எங்கயோ நின்னுபோச்சு. நான் வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுறேன், அவ்வளவுதான். இதுல என்ன மாத்துறது?”

அவர் ஹெட்ஃபோனைக் கையில் எடுத்தார். “இது நீ டெஸ்ட் எடுக்கிறப்ப பேசுற கொரலா?”

“இல்ல. சண்ட போடுற கொரல்.”

“அப்பச் சரி” என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு சத்தமாக வைத்து, அவர் தலையாட்டும்வரை கூட்டி, அடுத்ததற்குப் போனாள். மொத்தச் சத்தத்தை மட்டும் ஓர் அளவுக்குமேல் ஏற்ற விடவில்லை. இருப்பதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றாள். முடித்து, பாட்டைப் போட்டாள்.

அவர் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எடுத்தார். “தகரத்துல மணல் கொட்டுற மாதிரி இருக்கு! அவங்க பேச்சுல எல்லாம் உஸ்ஸு உஸ்ஸுங்குது.”

“ரொம்ப நாள் கழிச்சு வர்றது இல்ல? மூளைக்குப் பழகணும். தெனம் கொஞ்ச நேரம் கேளுங்க.”

வாசகரே, மணி கேட்டதா என்றுதானே கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். முதல் மணி, பழகிய ஒரு வாரத்தில் கேட்டதாம். தான் அடித்தது மாதிரி இல்லையாம், கொஞ்சம் மட்டமாக இருந்ததாம். “என்னோடது இன்னும் நல்லா இருந்துச்சு” என்றார். இரண்டாவது மணி சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஈக்வலைசர் கொண்டுவந்துவிடாது, அப்படிச் சொன்னால் அது பொய் என்று அக்கா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

* மாமாவின் குறிப்பு: இந்தக் கதையை வெளியிட எனக்குச் சம்மதம். ஆனால் பிளேயர் நன்றாக இருக்கிறது என்று ஓரிடத்திலாவது வர வேண்டும்.

பிளேயர் நன்றாக இருக்கிறது.

9

முடிவுக்கு இரண்டு யோசனை வைத்திருந்தேன். ஒன்றில், மாமாவின் கண்ணில் நீர் வழிய இரண்டாவது மணி ஒலிக்கிறது. அவர், “நான் எப்ப அழுதேன்?” என்று கோபித்துக்கொண்டார். இன்னொன்றில் பிளேயரை யாருக்கோ கொடுத்துவிட்டு, இருவரும் மொட்டை மாடியில் மௌனத்தைக் கேட்கிறார்கள். “மாடியில தண்ணி மோட்டார் ஓடும்டி” என்றாள் அக்கா.

நான் யோசித்த எதிலும் இல்லாதது ஒன்று நடந்தது. கல்யாணமான புதிதிலிருந்து அவர்களுக்கு ஒரு பழக்கம். மாலையில் காப்பி குடித்ததும் ஒரு சின்ன இணைப்பைப் பிளேயரில் செருகி, இரண்டு ஹெட்ஃபோனில் ஒரே பாட்டை இருவரும் கேட்பார்கள். நின்றுபோயிருந்த அதை மறுபடி தொடங்கலாம் என்று உட்கார்ந்தார்கள். பாட்டு வந்ததும் அக்கா பதறி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவர் காதுக்காக ஏற்றி வைத்தது அவள் காதில் ஊசியாகக் குத்தியது.

“இதையா கேக்குறீங்க?”

“எனக்கு இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு.”

ஈக்வலைசரை அணைத்தார்கள். அவள் முகம் மலர்ந்தது. அவர், “கம்பளியப் போட்டு மூடின மாதிரி ஆயிடுச்சு” என்றார். ஒரே பிளேயர், ஒரே பாட்டு, ஆனால் ஒரே மாதிரி கேட்க இனி வழி இல்லை. கல்யாண வாழ்க்கையில் இதற்கென்று யாரும் வழி சொல்லித் தருவதில்லை.

கடைசியில் அவர்கள் செய்த ஏற்பாடு இது: ஒரு பாட்டு அவர் காதுக்கு, அடுத்த பாட்டு அவள் காதுக்கு. அவர் முறையில் அவள் ஊசிகளைப் பொறுத்துக்கொள்கிறாள். அவள் முறையில் அவர் கம்பளிக்குள் இருக்கிறார். யாரும் ஹெட்ஃபோனைக் கழற்றக் கூடாது என்பதுதான் விதி.

இந்தக் கதையைப் படித்துக் காட்டலாம் என்று இன்று மாலை போனேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கண்ணை மூடி, ஹெட்ஃபோனோடு. இரண்டு முகத்திலும் ஒரே சிரிப்பு. ஒருவர் ரசிக்கிறார், ஒருவர் பொறுத்துக்கொள்கிறார். யார் எது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

“இப்ப யார் பாட்டு ஓடுது?” என்று கேட்டேன்.

இருவருக்கும் கேட்கவில்லை.

நான் வாசலிலேயே நிற்கிறேன். நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்ப் பாருங்கள். சத்தம் போடாமல் போங்கள்.